தண்ணீர் போக வழியில்லாத குளியலறை: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வெளிநாட்டுத் தன்னார்வச் சேவைக்குப் போகிற இளைஞர்களுக்கு நாகர்கோவிலில் ஆயத்தப் பயிற்சி அளிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். அதற்கு முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இங்கே எழுதுவது எங்களிடம் பயிற்சி பெற்றுப் போன ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது. அவளுடைய ஒப்புதலோடு, ஊர், பெயர் அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன். இதில் தவறியது அவள் அல்ல, எங்கள் ஆயத்தம்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணத்தை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு அப்போது 22 வயது. குலசேகரம் பக்கத்துக் கிராமம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறவர். சமூகப்பணியில் பட்டம் முடித்திருந்தாள். ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிறு நகரத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்தில் ஓராண்டு தன்னார்வப் பணிக்குத் தேர்வாகியிருந்தாள். அவள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான்.

இந்தப் பயணங்கள் எப்படி நடக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய அரசின் நிதியுதவியோடு நடக்கும் 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டம் 2008இல் தொடங்கியபோது, அந்நாட்டு இளைஞர்கள் மட்டுமே அதன்வழி வெளிநாடுகளுக்குப் போனார்கள். 2013இன் இறுதியிலிருந்து நம்மைப் போன்ற நாடுகளின் இளைஞர்களும் அங்கே போக வழி பிறந்தது. அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் 2011இல் அங்கே நடைமுறைக்கு வந்த கூட்டாட்சித் தன்னார்வச் சேவையின் விதிகளுக்கு உட்பட்டுப் பணிசெய்கிறார்கள். தங்குமிடம், உணவு, கைச்செலவுக்குப் பணம், காப்பீடு எல்லாம் உண்டு, சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு 25 நாள் பயிற்சி வகுப்புகள் உண்டு. சிக்கல் வந்தால் அணுக ஒரு வழிகாட்டியும் இருப்பார்.

இவளுக்கு முதல் ஆறு வாரம் மொழிப் பயிற்சியும் பணி அறிமுகமும். அந்த ஆறு வாரமும் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். பிறகு இல்லத்தின் பணியாளர் குடியிருப்புக்கு மாறலாம். தங்கவைக்க முன்வந்தவர்கள் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தம்பதியர். மகன் படிப்புக்காக வெளியூர் போய்விட்டதால் மாடியில் அவன் அறை காலியாக இருந்தது.

நாங்கள் செய்த ஆயத்தம்

ஆறு சனிக்கிழமைகள் வகுப்பு நடத்தினோம். ஜெர்மன் மொழியில் தொடக்கநிலையான ஏ1 தேர்வில் அவள் ஏற்கெனவே தேறியிருந்தாள். ரயில் டிக்கெட்டைப் படிப்பது, குளிருக்கு எத்தனை அடுக்கு உடை, குப்பையை எப்படிப் பிரிப்பது, கடையில் பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைப்பது, இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்பது, அவசரத்துக்கு 112 என எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். பெட்டி கட்டும் நாளில் நானே அவள் வீட்டுக்குப் போனேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது என்பதால், அவள் அம்மா துணிக்குள் சுற்றி வைத்திருந்த நெய்ப் புட்டியை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு பனையோலைப் பெட்டியும் போயின.

கடைசி வகுப்பில் நான் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "யாருக்கும் தொந்தரவு கொடுக்காதே. வீட்டு வேலையில் கூடமாட உதவு. அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதே, நீயாகவே செய்." திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் அப்பாவும் இதையேதான் வேறு சொற்களில் சொன்னார். "மக்களே, நல்ல பெயர் எடுத்துட்டு வா" என்று தலையில் கை வைத்தார். நாங்கள் இருவரும் மனமாரத்தான் சொன்னோம். பின்னால் நடந்தது முழுவதும் இந்தச் சொற்களிலிருந்தே தொடங்கியது.

முதல் பத்து நாட்கள்

செப்டம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் நாளும் ஒன்பதாம் நாளும் தொலைபேசியில் பேசினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: "எல்லாம் நன்றாக இருக்கிறது டீச்சர்." நானும் குறிப்பேட்டில் 'நலம்' என்று எழுதி மூடிவிட்டேன்.

நன்றாக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரவு உணவு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டும். அதையும் ஒரே ஒரு முறைதான் வேண்டுமா என்று கேட்பார்கள். நம் ஊரில் முதல் தடவை 'போதும்' என்பது மரியாதை, இரண்டாம் தடவை வற்புறுத்தலுக்குக் காத்திருப்பது வழக்கம். அங்கே முதல் 'போதும்' என்பதே முடிவான 'போதும்'. அவள் அரைவயிற்றோடு படுத்தாள். இந்தப் பெண்ணுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை போலும் என்று அவர்கள் வருந்தினார்கள். வெளிநாடு போய்வந்த பலரும் சொல்வதுதான் இது. நாங்களும் வகுப்பில் சொல்லியிருந்தோம். தெரிந்திருந்தும் அவளால் கேட்க முடியவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பால்வெட்டுக்காரர் வீடு விடியுமுன்பே எழுந்துவிடும். அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் எழுந்து பழகியவள் அவள். அங்கேயும் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். மரத்தாலான மாடிப்படி சத்தம் போடும் என்று பயந்து, ஏழு மணிவரை இருட்டில் கட்டிலின் மேல் உட்கார்ந்திருப்பாளாம்.

பதினோராம் நாள்

அது சனிக்கிழமை. தம்பதியர் காலையில் கடைக்குப் போயிருந்தார்கள். நாமாக எதையாவது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மாடியிலிருந்த குளியலறையைக் கழுவ முடிவுசெய்தாள்.

இங்கே நம் வீட்டுக் குளியலறையை நினைத்துப்பார்க்க வேண்டும். அவள் வீட்டில் அது வெளியே, கிணற்றடியை ஒட்டி இருக்கிறது. சிமெண்டுத் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். அந்த மூலையில் ஒரு துளை. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அதன்வழி வாழை மூட்டுக்குப் போய்ச் சேரும். சனிக்கிழமைதோறும் சோப்புத் தூளைத் தூவி, தேய்த்து, நான்கைந்து வாளி தண்ணீரை வீசி ஊற்றிக் கழுவுவது சிறு வயதிலிருந்தே அவள் வேலை. 'தண்ணீர் விட்டுக் கழுவாத இடம் சுத்தமான இடமாகுமா?' என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் ஆகும் என்போம்?

அந்த வீட்டுக் குளியலறையில் உள்ளே நின்று குளிக்கும் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டிக்குள் மட்டுமே தண்ணீர். வெளியே தரையில் ஓடு பதித்திருந்தது, ஆனால் சரிவு இல்லை, துளை இல்லை. ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் குளியலறைத் தரை உலர்ந்திருக்க வேண்டிய தரை. அதை ஈரத்துணியால் துடைப்பார்கள், கழுவமாட்டார்கள். எங்கள் ஆறு வகுப்புகளில் இதை யாரும் சொல்லவில்லை. பத்து நாளாக அவள் தொட்டிக்குள் நின்று குளித்தாள். தரையைப் பற்றி யோசிக்கக் காரணம் வரவில்லை.

குப்பைக் கூடையைக் காலிசெய்து அதில் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். நான்கு கூடை. தேய்த்தாள். பிறகு தண்ணீரைத் தள்ள இடம் தேடினாள். கதவருகே தள்ளினாள், வழி இல்லை. தொட்டிக்கு அடியில் ஓர் இடைவெளி இருந்தது. தண்ணீர் அதற்குள் போனது. துளை அங்கேதான் இருக்கிறது போலும் என்று நிம்மதியடைந்து, மிச்சத் தண்ணீரையும் அதற்குள்ளேயே தள்ளிவிட்டாள். தன் துண்டால் தரையைத் துடைத்தாள். குளியலறை பளபளவென்று இருந்தது. கடையிலிருந்து வந்த அம்மையார் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டி நன்றி சொன்னார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் மகிழ்ந்த முதல் நேரம் அது என்று என்னிடம் சொன்னாள்.

நான்கு நாள் மௌனம்

அந்த வீடு பழையது. மாடித் தரை மரச்சட்டங்களின்மேல் நிற்கிறது. ஞாயிறு காலை, கீழே சமையலறையில் உணவு மேசைக்கு நேர்மேலே கூரையில் ஒரு கறை தெரிந்தது. முதலில் ஒரு தோசை அளவு. மாலைக்குள் அது விரிந்து, ஓரம் மட்டும் கறுத்து, தேநீர் சிந்திக் காய்ந்த அடையாளம்போல ஆனது. வீட்டுக்காரர் நாற்காலியில் ஏறித் தொட்டுப்பார்த்தார். சுவருக்குள் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று முடிவுசெய்தார்.

அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சொல்ல வாய் திறந்தாள். சொல் வரவில்லை. ஏ1 அளவு மொழியில் 'எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான்' என்று சொல்லலாம். இதைச் சொல்ல முடியுமா என்ற தயக்கம். அது ஒரு காரணம்தான். மற்ற காரணம் பணம். கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அங்கே ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலிக்கு அப்பா எத்தனை நாள் பால் வெட்ட வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மழை நாளில் வெட்டு கிடையாது என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பிளம்பர் வந்தார். தொட்டியின் பக்கவாட்டு ஓட்டைப் பெயர்த்து, டார்ச் விளக்கடித்துப் பார்த்து, குழாயில் கசிவே இல்லை என்றார். மாடிப்படியில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என நான்கு இரவு அந்தக் கறைக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டாள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதன் இரவு பதினொன்றரைக்கு அவள் அழைப்பு வந்தது. அங்கே அப்போது இரவு எட்டு மணி. எடுத்ததும் கேட்டாள்: "டீச்சர், நான் திரும்பி வந்துவிடட்டுமா?" காரணம் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. நான் அன்றிரவு மூன்று முடிவுகள் எடுத்தேன்.

வீட்டாரையோ வழிகாட்டியையோ நான் அழைத்துச் சொல்வதில்லை என்பது முதல் முடிவு. சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால், தங்கள் கூரைக்குக் கீழே இருக்கிற பெண் தங்களிடம் சொல்லாமல் கடல் கடந்து நாகர்கோவிலுக்குச் சொல்லியிருக்கிறாள் என்றுதான் அவர்கள் முதலில் கேள்விப்படுவார்கள். மீதி நான்கு வாரத்தை அவள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து கழிக்க வேண்டுமென்றால் அவள் வாயிலிருந்தே வர வேண்டும்.

அதே நேரத்தில் கெடு வைத்தேன். மறுநாள் காலை உணவுக்குள் சொல்லாவிட்டால் நான் வழிகாட்டிக்குத் தெரிவிப்பேன் என்றேன். அது மிரட்டல் இல்லை. தன்னார்வலர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறது. பிறர் பொருளுக்குத் தெரியாமல் சேதம் விளைவித்தால் ஈடுகட்டுவது அதன் வேலை. ஆனால் சேதத்தைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இப்படியொரு காப்பீடு இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவள் கோப்பில் அந்தத் தாள் இருந்தது. நாங்கள்தான் விளக்கவில்லை. 'அப்பா கட்ட வேண்டியதில்லை' என்று நான் சொன்னதும் மறுமுனையில் அழுகை. அதுவரை அவள் அழவில்லை.

பிறகு இருவரும் சேர்ந்து ஐந்து வாக்கியங்கள் எழுதினோம். தமிழில் அவை இப்படி இருந்தன: "சனிக்கிழமை நான் குளியலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எங்கள் ஊரில் அப்படித்தான் கழுவுவோம். அந்தத் தண்ணீர்தான் கீழே இறங்கியது. குழாய் உடையவில்லை. அன்றைக்கே சொல்லவில்லை, பயந்துவிட்டேன்." மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்றை அவள் தொடக்கத்திலேயே வைக்க விரும்பினாள். முதலில் நடந்ததைச் சொல், மன்னிப்பைக் கடைசியில் வை என்றேன். நம் வழக்கப்படி மன்னிப்பில் தொடங்கினால், மேலே என்ன கேட்கப்போகிறோமோ என்று அவர்கள் பதறுவார்கள். நடந்தது பதற்றத்தில் கலங்கிப்போகும்.

மூன்றாவது முடிவு, அவள் பெற்றோருக்கு அன்று சொல்ல வேண்டாம் என்பது. நள்ளிரவில் குலசேகரத்தில் ஒரு வீட்டை எழுப்பி என்ன சாதிப்பது என்று நினைத்தேன். இந்த முடிவு சரியா என்று எனக்கு இன்றும் ஐயம் இருக்கிறது.

பின்னர் நடந்தது

வியாழன் காலை மேசையில் தாளை வைத்துக்கொண்டு வாசித்தாள். கை நடுங்கியதால் தாளை மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டாளாம். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அம்மையார் எழுந்து, அவளை மாடிக்கு அழைத்துப்போய், எப்படிச் செய்தாய் காட்டு என்றார். அவள் வெறுங்கையால் ஊற்றுவதுபோலவும் தேய்ப்பதுபோலவும் காட்டினாள். தன் வீட்டுக் குளியலறையின் மூலைத் துளையையும் வாழையையும் தாளின் பின்புறம் வரைந்து காட்டினாள். அம்மையார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: தண்ணீர் ஒரு பெரிய விஷயம் இல்லை, நான்கு இரவு எங்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாயே, அதுதான் வலிக்கிறது.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சு அளந்து நடந்தது. வீட்டுக்காரருக்குப் பிளம்பர் விஷயத்தில் மனத்தாங்கல் இருந்தது. செவ்வாய்க்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் வரவே தேவையிருந்திருக்காது. அது நியாயம். வழிகாட்டி வந்து காப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உதவினார். கூரையைச் சரிசெய்த செலவைக் காப்பீடு ஏற்றது. பிளம்பர் வந்துபோன கூலியை ஏற்கவில்லை. அதை எங்கள் குழு கொடுத்தது. எங்கள் ஆயத்தத்தில் இருந்த ஓட்டைக்கான தொகை என்றுதான் கணக்கில் எழுதினோம்.

இரண்டாம் வாரத்தில் மாற்றம் வந்தது. இரவு மேசையில் அவளே ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயல் வைத்துக் கொடுத்தாள். தேங்காயை வறுத்த மணம் வீட்டை விட்டுப் போக மூன்று நாள் ஆயிற்று என்று அவர்கள் சொன்னதை, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான்கு மணி விழிப்பையும் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் படியில் சத்தம் போடாத இரண்டு படிகளைக் காட்டி, ஓரமாக மிதித்து இறங்கக் கற்றுக்கொடுத்தார். ஆறு வாரம் முடிந்து குடியிருப்புக்கு மாறிய பிறகும் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். ஓராண்டை முடித்துத் திரும்பினாள்.

அவள் அப்பாவுக்கு விஷயம் மூன்று வாரம் கழித்து மகள் மூலம் தெரிந்தது. என்னைப் பார்க்க நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம்வரை வந்தார். கோபப்படவில்லை. "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர். நல்ல பெயர் எடு என்று நான்தானே சொல்லி அனுப்பினேன். அந்தச் சொல்லை நானே திரும்ப எடுத்திருப்பேனே" என்றார். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு தந்தையின் சொல்லைத் தந்தையால்தான் தளர்த்த முடியும் என்பது அன்றிரவு எனக்குத் தோன்றவில்லை.

ஆயத்தத்தில் மாற்றியவை

குளியலறையை வகுப்பில் சேர்த்தோம் என்று சொன்னால் சிறியதாகத் தெரியலாம். ஆனால் படம் காட்டிச் சொல்லவில்லை. தரை உலர்ந்திருக்க வேண்டிய குளியலறை உள்ள ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய், ஒவ்வொருவரையும் வெளியே ஒரு சொட்டும் தெறிக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்கிறோம். முதல் முயற்சியில் தேறியவர் இதுவரை ஒருவரும் இல்லை. பிறகு அதே தரையை ஈரத்துணியால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். 'சுத்தமாகவே இல்லை' என்று அவர்கள் முகம் சுளிக்கும்போது, அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இதைவிடக் கடினமானது 'சொல்லும் பயிற்சி'. வகுப்பு நடக்கிற வாரங்களில் ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு சிறு தவற்றை, யாரும் கண்டுபிடிக்குமுன், அன்றைக்கே, உரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், சித்தப்பாவிடம். முதலில் தமிழில், அப்புறம் அதே வாக்கியங்களை ஜெர்மன் மொழியில். கொல்லங்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் வந்தான். தவறே செய்யவில்லையா என்று கேட்டேன். "செய்தேன் டீச்சர், சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றான். அவனை அந்த ஆண்டு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு போனான்.

'தொந்தரவு கொடுக்காதே' என்ற வாக்கியத்தை நான் இப்போது வகுப்பில் சொல்வதில்லை. 'நீயாகவே செய்' என்பதையும் விட்டுவிட்டேன். அதன் இடத்தில், 'முதல் முறை செய்யுமுன் கேள். எப்படிச் செய்வீர்கள் காட்டுங்கள் என்று கேள்' என்கிறேன்.

போகிறவர் கையால் ஒரு பக்கம் எழுதி, போவதற்கு ஒரு மாதம் முன்பே தங்கவைக்கும் குடும்பத்துக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு எழுவோம், சாப்பாட்டுக்கு எத்தனை முறை மறுப்போம், தவறு செய்தால் என்ன செய்வோம் என்று மூன்று பகுதிகள். கடைசிப் பகுதியை நிரப்பத்தான் எல்லோரும் திணறுகிறார்கள். 'பேசாமல் இருப்போம்' என்று ஒரு பெண் எழுதினாள். அதை மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொன்னேன். அந்தக் குடும்பத்திடமிருந்து பதில் வந்தது: 'அப்படியென்றால், தினமும் இரவு நாங்கள் கேட்போம்.'

காப்பீட்டுத் தாளை இப்போது பெற்றோர் முன்னிலையில் வரி வரியாகப் படிக்கிறோம். முதல் ஆண்டில் அம்மாக்கள் மட்டும் வந்தார்கள். அப்பாக்களுக்குக் காலையில் வெட்டு, பிறகு பால் எடுப்பு, ஷீட் அடிப்பு என்று நேரம் போய்விடுகிறது. அதனால் இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தை நாகர்கோவிலிலிருந்து குலசேகரத்துக்கு மாற்றி, மாலை நான்கு மணிக்கு வைத்திருக்கிறோம். முன்பு என்னைப் பார்க்க வடசேரிக்கு வந்த அந்தத் தந்தையைத்தான் முதலில் பேச அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மழை பெய்தாலும்.